டமாரம் சார் கொடுத்த விதை

திருச்சிராப்பள்ளி ஜில்லா முழுவதிலும், சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டே சர்க்காருக்கு எதிரில் நின்று ‘நான் சொன்னது தப்பு’ என்று சொன்ன உத்தியோகஸ்தர் ஒரே ஒருவர்தான். இதை வாசிக்கும் பென்ஷன்தாரர்கள் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் இன்னொருவர் பெயரைச் சொல்லட்டும். நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

விவசாய இலாகாவில் அவருடைய பதவிக்கு டெமான்ஸ்ட்ரேட்டர் என்று பெயர். ஊர் ஊராகப் போய், சிறு குடியானவர்களுக்குப் புது விதை, புது எரு, புது உழவு எல்லாம் செய்து காட்டுகிற வேலை. அந்த இங்கிலீஷ் வார்த்தை திருவெள்ளறைப் பக்கத்து நாக்குகளில் சிக்கி டமாஸ்ட்ரேட்டர் ஆகி, தேய்ந்து தேய்ந்து கடைசியில் டமாரம் என்று நின்றுவிட்டது. பெற்றோர் வைத்த பெயரைவிட இது அவருக்குப் பொருத்தம். அவர் ரகசியம் பேசினால் கொள்ளிடத்துக்கு அக்கரையில் கேட்கும்.

நான் அப்போது திருச்சியில் விதை டிப்போவில் குமாஸ்தா. அவரும் நானும் ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு மாடி அறையில் சேர்ந்து குடியிருந்தோம். இரண்டு பேருக்கும் அப்போது கல்யாணம் ஆகவில்லை. எனக்குப் பிறகு ஆயிற்று. அவருக்குப் பெண் கொடுக்கக் கும்பகோணத்திலிருந்து ஒருவர் வந்தார். மாப்பிள்ளை அவரை உட்கார வைத்து, தக்கைப்பூண்டை எருவுக்காக வயலில் மடக்கி உழுவதைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். வந்தவர் பாதியில் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கியவர், அப்படியே ரயிலேறிவிட்டார்.

எருவின் மேல் அவருக்கு இருந்தது பிரியம் அல்ல, பக்தி. கோயில் யானைப் பாகனைச் சிநேகம் பிடித்து, யானை லத்தியைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து, வீட்டுக் கொல்லையில் குழி தோண்டிப் போட்டார். வீட்டுக்காரர் பெரிய ஆசாரசீலர். தெருவில் நாய் குறுக்கே போனால்கூடத் திரும்பவும் ஸ்நானம் செய்கிறவர். பதறிப்போய் மேலே வந்தார். நம்மவர் கொஞ்சமும் அசராமல், “பெருமாளோட யானை ஸ்வாமி, அதுக்கு ஏது தோஷம்?” என்று கேட்டுவிட்டார். வீட்டுக்காரர் திகைத்துப்போய்க் கீழே இறங்கினார். சாஸ்திரத்தில் பதில் தேடினார், கிடைக்கவில்லை. மறுநாள் வந்து, “தோஷம் இல்லைதான். ஆனா நாத்தம் இருக்கே” என்றார். குழியை மூடினார்கள். மூடின மண்ணில் டமாரம் சார் பூசணி விதை ஊன்றினார். அந்த வருஷம் அந்த வீட்டில் காலையும் மாலையும் பூசணிக்காய்க் கூட்டுதான். வீட்டுக்காரர் இளைத்தே போனார்.

சிரிக்கிற கதை இதோடு ஏறக்குறைய முடிந்தது. இனி வருவதிலும் சிரிப்பு உண்டு. சிரிக்கத்தான் மனம் வராது.

திருவெள்ளறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் செல்லாயி என்று ஒரு குடியானவப் பெண் இருந்தாள். புருஷன் இல்லை. தம்பியை வைத்துக்கொண்டு ஏரிப் பாசனத்தில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குச் செய்துவந்தாள். நிலம் ஸ்ரீரங்கம் சித்திரை வீதி மிராசுதார் ஒருவருடையது. அந்த நிலத்தில்தான் டமாரம் சார் இலாகாவின் இரும்புக் கலப்பையைச் செய்து காட்டப் போனார். கலப்பை சீமையில் குதிரைகளை உத்தேசித்துச் செய்தது. செல்லாயியின் மாடுகள் இரண்டும் ஆட்டுக்குக் கொஞ்சம் பெரியவை, அவ்வளவுதான். வயலில் இறங்கியதுமே ஒன்று படுத்துக்கொண்டது. வாலை முறுக்கிப் பார்த்தார்கள், தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள், எழுந்திருக்கவில்லை. கூடியிருந்த ஜனம் கலையத் தொடங்கியது. டமாரம் சாருக்கு மானப்பிரச்னை. காக்கி நிஜாரும் தொப்பியுமாக நுகத்தடிக்கு அடியில் தானே தோளைக் கொடுத்தார். கலப்பை சற்று நகர்ந்தது. அதன் பிறகு அவர்தான் நகரவில்லை. கட்டை வண்டியில் படுக்க வைத்து ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

வண்டியில் ஏற்றும்போது செல்லாயி அவரிடம் கேட்டாளாம்: “கலப்பை நல்லாத்தாங்க இருக்கு. இதை இழுக்கற மாட்டையும் டிப்போவுலயே குடுப்பாங்களா?”

கிண்டலுக்குத்தான் கேட்டாள். அவர் அதை மனுவாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து மாதா மாதம் மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில், சின்னக் குடியானவர்களுக்கு மாடு வாங்க ஏதாவது வழி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கலப்பையைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். நமது இலாகா யோசனை வழங்குகிற இலாகா, மாடு வழங்குகிற இலாகா அல்ல என்று பதில் வந்தது. அதை எனக்குப் படித்துக் காட்டி, “பாத்தீங்களா சார், யோசனை மட்டும் புல்லு தின்னாமலே இழுக்கும் போலருக்கு” என்றார்.

அப்புறம்தான் அந்த விதை வந்தது. ஆராய்ச்சிப் பண்ணையில் பொறுக்கி எடுத்த நெல். எங்கள் டிப்போவில் மூட்டை மூட்டையாக இறங்கியது. காவிரித் தண்ணீர் தாராளமாகப் பாயும் நிலத்தில் அது தங்கமாக விளையும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் விளைய நாள் அதிகம் பிடிக்கும். ஏரிப் பாசனத்துக்கு இது ஒத்துவருமா என்று டமாரம் சார் மேலதிகாரியைக் கேட்டார். நல்ல விதை எங்கும் நல்ல விதைதான், வந்த மூட்டைகள் தீர வேண்டும் என்று உத்தரவு. பெரிய மிராசுதார்கள் எல்லாரும், முதலில் குத்தகைக்காரர்கள் நிலத்தில் போட்டுப் பார்க்கட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஆகவே விதை சின்னக் குடியானவர்களிடம் போயிற்று. பரீட்சை எப்போதும் யார் தலையில் நடக்கும் என்பது நமக்குத் தெரியாதா என்ன.

ஏரியில் தண்ணீர் தை மாதம் வரைக்கும் நிற்காதே, எங்கள் பழைய நெல் என்றால் அதற்குள் வீடு வந்துவிடுமே என்று செல்லாயி தயங்கினாள். டமாரம் சார் அவள் வாசலில் நின்று, தெருவே கூடும்படி, ஒன்றுக்கு இரண்டாக விளையாவிட்டால் என்னைக் கேள் என்றார். ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அப்படி விளைந்தால் அவள் மாடு வாங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டிருந்தார். அவளைப் பார்த்து அந்தத் தெருவே புது விதை போட்டது.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றியது. ஏரி மார்கழியிலேயே வறண்டு வாயைப் பிளந்தது. கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற சமயம் வயலில் ஈரம் இல்லை. பார்வைக்குக் கதிர்தான், கையில் கசக்கினால் உள்ளே அரிசி இல்லை. அத்தனையும் சாவி, வெறும் பதர். பழைய நெல் போட்டிருந்த பக்கத்துத் தெருக்காரர்கள் பாதியாவது வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

குடியானவர்கள் நிலத் தீர்வையைத் தள்ளுபடி செய்யும்படி சர்க்காரைக் கேட்டார்கள். விசாரணைக்கு ஒரு ரெவின்யூ அதிகாரி வந்து கோயில் மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எங்கள் மேலதிகாரி ஏற்கெனவே அபிப்பிராயம் எழுதிவிட்டிருந்தார்: விதையில் குற்றம் இல்லை, குடியானவர்கள் சொன்னபடி செய்யாமல் காலம் தாழ்த்தி நட்டார்கள். அதை ஆமோதித்து டெமான்ஸ்ட்ரேட்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விசாரணை முடிந்துவிடும். விதை சம்பந்தமான விவரத்துக்காக என்னையும் அழைத்திருந்ததால் நான் அங்கே இருந்தேன்.

டமாரம் சார் எழுந்தார். சத்தம் வரப்போகிறது என்று நான் காதைத் தயார் செய்துகொண்டேன். சத்தமே வரவில்லை.

“அவங்க நான் சொன்ன அன்னிக்குத்தான் நட்டாங்க. நான் சொன்னபடிதான் எல்லாம் செஞ்சாங்க. தப்பு என்னுது.”

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “யோசிச்சுப் பேசுங்க. இதை நான் எழுதிக்க வேண்டியிருக்கும்.”

“எழுதிக்குங்க சார்.”

தள்ளுபடி கிடைத்துவிட்டது. கிராமத்தில் அவருக்கு மாலை போட்டார்கள். அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷம், தள்ளுபடி யாருக்குக் கிடைத்திருக்கிறது என்று தெரியும்வரை நீடித்தது. தீர்வை போனால் குத்தகையும் குறையும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். தீர்வை கட்டுகிறவர் பட்டாதாரர். பட்டா மிராசுதார் பெயரில். ஆகவே சர்க்கார் இரக்கப்பட்டது சித்திரை வீதிக்கு. செல்லாயி கொடுக்க வேண்டிய குத்தகை நெல் அப்படியே நின்றது.

டமாரம் சார் அவளை அழைத்துக்கொண்டு மிராசுதார் வீட்டுக்குப் போனார். நானும் போனேன். அப்படி ஒரு மரியாதையை நான் பார்த்ததில்லை. மோர் கொடுத்தார், விசிறி கொடுத்தார். செல்லாயி வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மிராசுதார் சொன்னார்: “அடியேன் கையில என்ன ஸ்வாமி இருக்கு? பெருமாள் கைங்கர்யத்துக்கு நெல் அளந்தாகணும். சர்க்கார் தள்ளுபடி பண்ணினது தீர்வையை. குத்தகையைப் பண்ணச் சொல்லலையே.” டமாரம் சார் எத்தனையோ சொல்லிப் பார்த்தார். கடைசிவரைக்கும் அந்த மனிதர் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. இன்னொரு டம்ளர் மோர் வேண்டுமா என்று கேட்டார்.

அடுத்த தடவை டமாரம் சாரும் மிராசுதாரும் சந்தித்தது திருச்சியில் நடந்த விவசாயக் கண்காட்சியில். அதே விதையை மிராசுதார் மறு வருஷம் தம்முடைய காவிரிக்கரை நிலத்தில் போட்டு, ஆள் உயரம் விளைவித்து, முதல் பரிசு வாங்கியிருந்தார். அந்தக் கதிர்க்கட்டை அலங்கரித்து வைக்கும் பொறுப்பு டமாரம் சாருடையது. ரோஜாப்பூ, ஜரிகைக் காகிதம் எல்லாம் வைத்து அருமையாகத்தான் செய்திருந்தார். பெரிய மனிதர்கள் திறந்துவைக்க வந்தபோது பார்த்தால், பரிசு நெல்லுக்குப் பக்கத்தில் அதே ஜரிகை சுற்றி, போன வருஷத்துக் கட்டு ஒன்று. சாவி. அதற்கு மேல் கொட்டை எழுத்தில் ஓர் அட்டை: ‘இதுவும் நாங்கள் கொடுத்த விதைதான். செல்லாயி வயலில் விளைந்தது.’

பரிசு நெல்லைப் பார்த்தவர்களைவிடச் சாவியைப் பார்த்தவர்கள் அதிகம். குடியானவர்கள் வரிசையில் நின்று ஒரு கதிரைக் கசக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போனார்கள். மேலதிகாரி ஓடிவந்து அட்டையைத் தாமே பிடுங்கினார். மிராசுதார் மட்டும் அதற்கு முன்பே புன்சிரிப்பு மாறாமல் நின்று அட்டையை முழுவதும் வாசித்திருந்தார்.

டமாரம் சாருக்கு வேலை போயிற்று. அதை அவர் எதிர்பார்த்துத்தான் செய்தார். எதிர்பார்க்காதது ஒன்றும் நடந்தது. சித்திரை பிறந்ததும் மிராசுதார் செல்லாயியின் நிலத்தை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார். காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்கிற சட்டமும் அப்போது இல்லை.

“அவ பேரை எழுதியிருக்கக் கூடாது சார்” என்றார் டமாரம் சார் என்னிடம். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசாததற்கும் சேர்த்து மனு எழுத ஆரம்பித்தார். எந்த அதிகாரி எங்கே முகாம் போட்டாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். எனக்குக் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோனேன். அவர் அதே மாடி அறையில், நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வயிற்றைக் கழுவிக்கொண்டு, மிச்சப் பொழுதெல்லாம் செல்லாயி நிலத்துக்காக அலைந்தார். உலகத்தில் யுத்தம் மூண்டது. அவர் யுத்தம் அதற்கு முன்பே தொடங்கி, அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. குரல் மட்டும் கம்மிப்போயிற்று. அவர் பேசுவதைக் கேட்க நாம் குனிய வேண்டியிருந்தது.

யுத்தத்தின் நடுவில் ஒரு நாள், துறையூரில் புது அதிகாரி ஒருவர் முகாம் போட்டிருப்பதாகவும், இவர் நல்லவர் என்று கேள்வி என்றும், கூட வந்து கொஞ்சம் உரக்கப் பேச முடியுமா என்றும் என்னைக் கேட்டார். லீவு போட்டுவிட்டுப் போனேன்.

செல்லாயி எங்களுக்கு முன்பே வந்து, முகாம் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்த கையில் சேறு காய்ந்திருந்தது. உள்ளே அதிகாரி நல்லவராகத்தான் இருந்தார். குத்தகைக்கு எழுத்து ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை. அப்படியானால் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். நான் உரக்கச் சொன்னது ஒரு நமஸ்காரம்தான், வெளியே வந்தோம்.

டமாரம் சார் குழாயடியில் முகம் கழுவப் போனபோது நான் செல்லாயியிடம், இவ்வளவு தூரம் கூலியை விட்டுவிட்டு வந்தும் பிரயோஜனமில்லாமல் போயிற்றே என்றேன்.

“நெலம் திரும்பாதுன்னு எனக்கு அப்பவே தெரியுங்க” என்றாள். “விட்டுடுங்கன்னு சொல்லிப் பாத்தேன், கேக்கல. நான் வரலன்னா அவரு ஒத்தையா நிப்பாருங்க. அதான் கூப்பிடறப்பல்லாம் வரேன்.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்று, அடுத்தாப்பில் எந்த அதிகாரியைப் பார்க்கலாம் என்று அவரைக் கேட்டாள். அவர் முகம் தெளிந்தது. மிகவும் உற்சாகமாக ஏதோ விவரித்தார். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

திரும்பி வரும்போது கரியை எரித்து ஓடும் கரி பஸ். பெட்ரோல் கிடைக்காத காலம், மேடு வந்தால் பஸ் எங்களோடு சேர்ந்து பெருமூச்சு விட்டது. மண்ணச்சநல்லூர் தாண்டுவதற்குள் டமாரம் சார் தூங்கிப்போய் என் தோளில் சாய்ந்துவிட்டார். தூங்கும்போது அவரிடம் ஒரு சத்தமும் இல்லை. திருவானைக்காவலில் நாங்கள் இறங்க வேண்டும். பஸ் நின்றது. கண்டக்டர் குரல் கொடுத்தார். நான் தோளை அசைக்கவில்லை. பஸ் புறப்பட்டு, காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சிக்குள் போயிற்று. அங்கிருந்து நடந்து திரும்பிக்கொள்ளலாம், அவர் இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்.