பேச்சியம்மாளின் நஞ்சுக்கொடியும் கொம்பையாவின் துண்டுச்சீட்டுகளும்

ஒரு காட்டில் பேச்சியம்மாள் என்றொரு சுண்டெலி இருந்தாள். வயிற்றில் ஆறு குட்டி. பிரசவத்துக்குப் பத்தே நாள். அந்தக் காட்டில் நஞ்சுக்கொடி வளர்வதென்றாலும் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துத்தான் வளர வேண்டும். ஆகவே வாயும் வயிறுமாக அவள் வரிசையில் நின்றாள். முன்னால் ஒரு கர்ப்பிணி யானை. அதற்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருந்ததால் அவசரமே படாமல் தழை மென்றுகொண்டிருந்தது.

நடைமுறை ரொம்ப எளிது என்று பலகையில் எழுதியிருந்தது. 'வளர்', 'நில்' என்று உத்தரவுகள் உடம்புக்குள் தாமாகவே வந்துகொண்டிருக்கும். நமக்குப் பிடிக்காததைக் கிழிக்கச் சொல்லித் துண்டுச்சீட்டு தரலாம், அவ்வளவே. சீட்டில் இருபத்திரண்டு எழுத்துக்குமேல் கூடாது. ஆயுள் ஒரே நாள். 'நில்' உத்தரவைக் கிழிக்க அப்பன் முத்திரை, 'வளர்' உத்தரவைக் கிழிக்க அம்மா முத்திரை. படித்தவர்கள் இந்தச் சீட்டுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எலி வாயில் அது நுழையாது.

அவள் புருஷன் கொம்பையா வந்ததும் வராததுமாக நாற்பது சீட்டில் படபடவென்று முத்திரை குத்தினான்.

"ஏம்யா, கொடி இப்படி வளந்தா என் ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? எலும்புச் சத்தையும் சேத்து உறிஞ்சிப்புடுமே!"

"எம்புள்ளைக பெருச்சாளி கணக்கா வரணும் பேச்சி."

"நான் அடுத்த ஈத்துக்கு உசுரோட இருக்க வேண்டாமா?"

"தாராளமா இரு."

"அப்ப நீ இங்க இருப்பியா?"

கொம்பையா கூரையைப் பார்த்தான்.

பேச்சியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐம்பது சீட்டு குத்தினாள். அவன் அறுபது குத்தினான். அவள் எழுபது. யானை தும்பிக்கையால் காகிதக் குப்பையை ஒதுக்கி வழி பண்ணிக்கொண்டது.

அந்தப் பிரிவின் எழுத்தர் மரகதம் என்ற கோழி. ஆயுசில் நஞ்சுக்கொடியைப் பார்த்ததே இல்லை என்பதால், பாரபட்சம் காட்டமாட்டாள் என்று அங்கே போட்டிருந்தார்கள்.

"எங்களப் பாருங்க," என்றாள் மரகதம். "வேணுங்கிறத மொத்தமா முட்டை ஓட்டுக்குள்ள வச்சு மூடிருவோம். அப்புறம் யாரு என்னத்தக் கேக்க முடியும்? எங்க வீட்டுச் சேவலோட நான் ஒருநாள் சண்டை போட்டதில்ல. நீங்களும் ஒத்துமையா இருங்கம்மா."

கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இனிமே ஒரு சீட்டும் குத்தமாட்டேன். உனக்கு விரோதமா நான் எதுக்குத் தாயி நிக்கணும்?" என்றான். பேச்சியம்மாளும் முத்திரையைக் கீழே வைத்தாள். வரிசை மொத்தமும் கைதட்டியது. இரண்டு நாள் இருவரும் ஒரே நெல்மணியை ஆளுக்குப் பாதியாகத் தின்றார்கள். பார்க்கவே சகிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஸ்கேன் எடுத்த வௌவால் காதைக் காதை ஆட்டியது. "கொடி வளரவே இல்லம்மா. 'நில்' உத்தரவு கிழிக்க ஆளில்லாம குவிஞ்சு கெடக்கு. அது இருக்கிறப்ப 'வளர்' எடுபடாது. குட்டிகளுக்குச் சோறு போகல."

பேச்சியம்மாள் ஓடிப்போய்ச் சீட்டு நீட்டினாள். "இதுக்கு அப்பன் முத்திரைதாம்மா செல்லும்," என்றாள் மரகதம். புருஷனிடம் ஓடினாள்.

"யோவ், குத்துய்யா!"

"மாட்டேன். நாம இப்ப ஒத்துமை," என்றான் அவன், அவள் காலைப் பிடித்துவிட்டபடி.

அழுதாள், கெஞ்சினாள். அவன் சாந்தமாகச் சிரித்தான். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"கெடக்கட்டும் விடு. உன் வம்சமே நோஞ்சான் வம்சம். உங்காத்தாவ நான் எறும்புன்னுல்ல நெனச்சேன்!"

"யார எறும்புங்கிற?" கொம்பையாவின் மீசை விறைத்தது. ஒரே மூச்சில் தொண்ணூறு சீட்டு குத்தினான். கொடி மளமளவென்று வளர்ந்தது. குட்டிகள் உதைத்தன. பேச்சியம்மாள் ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தன் உயிருக்காக எண்பத்தைந்து குத்தினாள்.

சொன்ன நாளில் ஆறு குட்டியும் பிறந்தன. பெருச்சாளியுமில்லை, எறும்புமில்லை, அச்சு அசல் சுண்டெலி. தாயும் பிழைத்தாள். மரகதத்துக்குக் குடும்ப நல்லிணக்க விருது கொடுத்தார்கள்.

நீதி: குட்டி போடுவோர் பிரசவம் வரை விடாமல் சண்டையிடவும், ஒற்றுமையை விரும்புவோர் முட்டையிடவும்.