ஹோல்டான் சொன்னால் நிற்காத பஸ்

எங்கள் பக்கத்தில் ஓடுகிற பஸ்ஸை நிறுத்த ஒரே ஒரு வார்த்தை போதும்: ஹோல்டான். கண்டக்டர் சொல்வார், படியில் தொங்குகிறவர் சொல்வார், இறங்கவேண்டிய ஸ்டாப் வந்த பிறகு தூங்கி விழித்தவரும் சொல்வார். பிளஸ் டூ வரைக்கும் அதைச் சுத்தத் தமிழ் என்றே நினைத்திருந்தேன். அது ஆங்கிலம் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அப்படியானால் ஆங்கிலத்திலும் அதற்கு ‘நிறுத்து’ என்றுதான் அர்த்தம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். (படிச்ச புள்ள, வேற இன்னா செய்யும்?)

அந்த வார்த்தையை என் அம்மா சொல்லிக் கேட்க வேண்டும். காசிமேட்டில் மீன் எடுத்து, மாத்தூரில் தெருத்தெருவாக விற்கிறவள் அம்மா. மீன் கூடையைப் பார்த்ததும் சில டிரைவர்களுக்குத் திடீரென்று கண் மங்கிவிடும், நிறுத்தாமல் உருட்டுவார்கள். அம்மா ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பஸ்ஸின் விலாவில் ஓங்கி ஒரு அறை விடுவாள்.

“ஹோல்டான்! இன்னாபா, ஆளு நின்னுகினு கீறது தெர்ல? மீனு துன்றதுக்கு மட்டும் இனிக்குதா?”

பஸ் நிற்கும். அந்தத் தொண்டையும் அந்தக் கையும் எனக்கு அப்படியே வந்திருக்கின்றன. மூக்கு மட்டும் அப்பாவுடையது.

மேல்படிப்புக்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊருக்குப் போனேன். எங்கள் வீட்டில் ஒருவர் குளித்துக்கொண்டிருந்தால்கூட இன்னொருவர் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பார். அங்கே என்னோடு தங்கியிருந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நல்லவர்கள்தான், குறை சொல்ல முடியாது. கடையில் பில் போடுவதும் மெஷின். அது நன்றி சொல்லும், நானும் பதிலுக்கு நன்றி சொல்வேன். சில நாட்களில் என் மொத்தப் பேச்சே அவ்வளவுதான். குரல் இருக்கிறதா என்று பார்க்க அறையில் தனியாக ஒருமுறை இருமிப் பார்த்தேன். இருந்தது.

இந்த நிலைமையில்தான் கூடப் படித்த லூசி, ஞாயிற்றுக்கிழமை மதியம் தன் அப்பா அம்மா வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னாள். அந்த ஊரில் எனக்கு வந்த முதல் அழைப்பு. கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகினேன். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“வெறுங்கையோட போவாத. இன்னா நென்ச்சிப்பாங்க?” என்றாள் அம்மா.

அதனால் ஒரு பூந்தொட்டி வாங்கினேன். மண் தொட்டி, நல்ல கனம். அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அங்கே இறங்குவதற்குக் கம்பியில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். நான் தினமும் போன காலேஜ் பஸ்ஸில் மற்ற மாணவர்கள் அழுத்திவிடுவார்கள். அது தானாகவே நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வயதானவர்கள் சிலர்தான் இருந்தார்கள். யாருக்கும் லூசி வீட்டு ஸ்டாப்பில் வேலையில்லை. ஸ்டாப் வந்தது, போயும் போய்விட்டது. ஓரத்தில் லூசி சிவப்புக் கம்பளிச் சட்டையோடு எனக்காக நின்றுகொண்டிருந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

எழுந்து நின்று கத்தினேன். “ஹோல்டான்!”

அங்கே அதற்கு ‘கெட்டியாகப் பிடித்துக்கொள்’ என்று அர்த்தமாம். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பேசாமல் ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் ஊன்றுகோலைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை (ரொம்பக் கட்டுப்பாடான ஜனங்கள்). பஸ் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

இன்னும் பலமாக, “ஹோல்டான், ஹோல்டான்!” என்றேன். இன்னும் கெட்டியாகப் பிடித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. தொட்டியை ஒரு கைக்கு மாற்றி, மறு கையால் பஸ்ஸின் பக்கத்தில் அம்மா மாதிரியே ஓங்கி ஒரு அறை விட்டேன். எதன் மேலோ மோதிவிட்டோம் என்று நினைத்து டிரைவர் அழுத்தினார் பாருங்கள் ஒரு பிரேக்.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா? பிடிக்கச் சொன்னவள் மட்டும் தொட்டியோடு போய் விழுந்தாள்.

டிரைவர் திரும்பிப் பார்த்து, “ஆல்ரைட்?” என்றார்.

காசிமேட்டுக்காரிக்கு ‘ரைட்’ என்று காதில் விழுந்தால் வாய் தானாகத் திறக்கும். “ரைட், ரைட்” என்றேன். கிளம்பச் சொல்லிவிட்டேன். பஸ் கிளம்பிவிட்டது.

பக்கத்து சீட்டு அம்மாள் ஒருத்தி என்னைத் தூக்கி உட்காரவைத்தாள். “எங்களைப் பிடிச்சுக்கச் சொன்னியே, நீ பிடிச்சுக்க வேண்டாமா கண்ணு?” என்று அவள் பாஷையில் கேட்டபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த ஸ்டாப் வரை விடவில்லை. ஏர்போர்ட்டில் அம்மா கையை விட்ட பிறகு என்னை ஒருவர் தொட்டது அதுதான் முதல் தடவை. ஓவென்று அழுதுவிட்டேன். அடி பலமோ என்று அவள் பயந்துபோனாள். அடி ஒன்றும் இல்லை என்று சொல்லத் தெரிந்தது. வேறென்ன என்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கினேன். திரும்பி நடந்திருந்தால் லூசி வீட்டுக்குப் போயிருக்கலாம். கோட்டெல்லாம் ஈர மண், கையில் வேரோடு ஒரு செடி, முகம் வீங்கியிருந்தது. பழகிவைத்த சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. வயிற்றுவலி என்று ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு, எதிர்ப்பக்கம் நின்று அறைக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிடித்தேன். “பரவாயில்லை, இன்னொரு நாள்” என்று லூசி பதில் அனுப்பினாள். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

நூடுல்ஸ் கொதிக்கும்போது அம்மா போன் செய்தாள். “விருந்துல இன்னா போட்டாங்க?”

பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன், முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சிரித்தாள். அப்பாவிடம் சொன்னாள், அவர் சிரித்தார். தம்பி கீழே விழுந்தே சிரித்தான் போல, சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அறை முன்னைவிட அமைதியாக இருந்தது.

வைப்பதற்கு முன் அம்மா கேட்டாள்: “அப்போ அந்த ஊர்ல ஹோல்டான்னா கெட்டியா புட்ச்சிக்கோன்னு அர்த்தமா?”

“ஆமாமா.”

“சரி. அப்போ ஹோல்டான்டீ” என்றாள்.

இப்போது அங்கேயே வேலையில் இருக்கிறேன். பொத்தானை ஒரு ஸ்டாப் முன்னதாகவே அழுத்திவிடுகிறேன். லீவு முடிந்து ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், வாசலில் கார் வந்து நின்றதும் தம்பி “ஹோல்டான்” என்று கத்துவான். எல்லாரும் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் எங்கள் வீட்டு விளையாட்டு. அப்பா கதவைப் பிடிப்பார், தம்பி என் பெட்டியைப் பிடிப்பான். அம்மா என் கையைப் பிடித்துக்கொள்வாள். மற்ற இருவரும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். அப்புறம் டிரைவர் ஹாரன் அடிப்பார், “ரைட்” என்று யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். அம்மா இதுவரை சொன்னதில்லை.