அட்டைப்பெட்டிக்குள் ஓர் அதிகாரி

ஒரு மனிதனின் முகம் அவனுடைய சொந்த விஷயம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்துக்கு வந்து போகும் வரைக்கும்தான் அந்த நினைப்பு. நான் அடையாள அட்டை அலுவலகத்தில் புகைப்படச் சரிபார்ப்புப் பிரிவின் கண்காணிப்பாளர். விண்ணப்பத்தோடு வரும் படங்களைத் திருப்பி அனுப்புவது என் பணி. ஏற்றுக்கொள்வதும் என் பணியில் அடங்கும் என்று விதியில் எங்கேயோ இருக்கிறதாம். அந்தப் பக்கம் வரை நான் படித்ததில்லை.

பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். நிழல் விழக் கூடாது. பல் தெரியக் கூடாது. கண் சிமிட்டியிருக்கக் கூடாது. காதுகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இவற்றைச் சரிபார்க்க எங்களிடம் முட்டை வடிவம் வரைந்த ஒரு கண்ணாடித் தாள் உண்டு. அதைப் படத்தின் மேல் வைத்து, தலை கோட்டுக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்க்கவே கூடாது. முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் வேலை கெடும். இந்தப் பொன்னான சுற்றறிக்கையை எழுதியவன் அடியேன்தான். இயக்குநர் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டச் சொன்னார்.

என் நேர்மைக்கு ஓர் உதாரணம் சொன்னால் போதும். சொந்த மனைவியின் படத்தையே திருப்பி அனுப்பியவன் நான். படத்தில் அவள் சிரித்திருந்தாள்.

"கல்யாணமான புதுசுல இந்தச் சிரிப்பைத்தானே அழகா இருக்குன்னு சொன்னீங்க?" என்றாள்.

"அழகு வேற, விதி வேற. பல்லு தெரியுது பாரு."

அன்றோடு அவள் வீட்டில் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டால், "விதிப்படி இருக்கேன்" என்பாள். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்படிப்பட்ட எனக்கும் ஒரு பலவீனம் உண்டு. நான் பொம்மை சேர்ப்பவன். பொம்மை என்று சொல்லக் கூடாது, 'சேகரிப்பு' என்று சொல்ல வேண்டும். பொம்மை என்றால் குழந்தைக்கு வாங்கியது. சேகரிப்பு என்றால் குழந்தை தொடக் கூடாதது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவற்றைப் படம் பிடித்து எங்கள் சேகரிப்பாளர் குழுவில் போடுவேன். மற்றவர்கள் "அருமை" என்பார்கள். அவர்கள் போடும் படத்துக்கு நானும் "அருமை" என்பேன். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குப் பெயர் கலை.

கருவிகள் பெரிதாக ஒன்றும் இல்லை. மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி ஒன்று. இரண்டு பக்கமும் ஜன்னல் மாதிரி வெட்டி, அங்கே டிரேசிங் பேப்பர் ஒட்டியிருக்கிறேன். வெளியே பக்கத்துக்கு ஒரு மேசை விளக்கு. தாள் வழியாக வரும்போது வெளிச்சம் சாதுவாகிவிடும், நிழல் விழாது. உள்ளே வெள்ளைச் சார்ட் பேப்பரை மடிப்பு விழாமல் வளைத்துவிட்டால் பின்னணி முடிந்தது. சர்க்கரை டப்பாவில் கைபேசியைச் சாய்த்து, தானே படம் எடுக்கும்படி நேரம் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். தூசி தட்ட ஒரு பழைய பெயின்ட் பிரஷ்.

"மிக்ஸி வெளியில தூசி பிடிச்சு நிக்குது. பொம்மை பெட்டிக்குள்ள குளிச்சு முடிச்சு நிக்குது" என்பாள் மனைவி.

என் சேகரிப்பின் தலைமகன் ஸ்டேஷன் மாஸ்டர். உள்ளங்கை உயரம், கறுப்புக் கோட்டு, கத்தரித்த மீசை. தொப்பி தனியாகக் கழன்று வரும். எங்கள் குழுவில் அதற்குத் தனி மரியாதை. கழுத்து மட்டும் ஸ்பிரிங். லேசாகக் காற்று பட்டாலும் தலையாட்ட ஆரம்பித்துவிடுவார். ஆகவே அவரைப் படம் பிடிக்கும்போது வீட்டில் மின்விசிறி ஓடக் கூடாது.

"ஃபேனைப் போடலாமா?"

"இரு, இன்னும் அவருக்குத் தலை நிக்கல."

"எனக்குத் தலையே சுத்துதுங்க."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஓர் ஆணை வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் புது அடையாள அட்டை பெற வேண்டும். காலியாக இருந்த துணை இயக்குநர் பதவிக்கு, புது அட்டை உள்ளவர்களை மட்டுமே நேர்முகத்துக்கு அழைப்பார்கள். அந்த நாற்காலிக்காக நான் ஏங்காத நாளில்லை. அது சுழலும் நாற்காலி.

முதலில் அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஸ்டுடியோவுக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் எடுத்த படங்களை எல்லாம் வருடக்கணக்கில் திருப்பி அனுப்பியவன் நான். அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"உங்க முகத்துக்கு விளக்குப் போடுற தகுதி எனக்கு இல்லங்க சார்" என்று விளக்கை அணைத்தார்.

சரி, வீட்டிலேயே ஸ்டுடியோ இருக்கும்போது கவலை எதற்கு? பெட்டியின் அடியில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுத் தலையில் மாட்டிக்கொண்டேன். இரண்டு பக்கமும் விளக்கு. முன்னால் கைபேசியோடு மனைவி. பின்னால் சார்ட் பேப்பர் பிடரியில் குத்தியது.

"அசையாதீங்க. சிரிக்காதீங்க" என்றாள். சொல்லிவிட்டுத் தன் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். அப்போதும் சிரிக்கவில்லை. அவ்வளவு வைராக்கியம்.

என் படத்தை நானே சரிபார்ப்பது முறையல்ல என்பதால் அது என் உதவியாளரிடம் போனது. அவருக்கு அலுவலகத்தில் 'அளவுகோல்' என்று பெயர். நானே கை பிடித்துத் தொழில் கற்றுக்கொடுத்த பிள்ளை. கண்ணாடித் தாளை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சார், இடது காது கொஞ்சம் மேல இருக்கு."

"பிறந்ததுல இருந்தே அப்படித்தான்ப்பா."

"அப்போ நாள்பட்ட குறை சார். முன்னாடியே சரி பண்ணியிருக்கணும்."

"தினமும் என் எதிர்லதானே உட்கார்ந்திருக்க? இது நான்தான்னு உனக்குத் தெரியாதா?"

"முகத்தைப் பார்க்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் எழுதிச் சுவத்துல மாட்டியிருக்கீங்க?"

தலையைச் சாய்த்து எடுத்தேன். காதுக்குப் பின்னால் ரப்பர் வைத்து எடுத்தேன். எல்லாம் திரும்பி வந்தன. கடைசித் தேதியும் வந்துவிட்டது. இந்த ஆளுக்கு ஒரு பாடம் கற்பிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஸ்டேஷன் மாஸ்டரின் தொப்பியைக் கழற்றி, மார்பளவுக்கு ஒரு படம் எடுத்து, அச்சுப் போட்டு என் விண்ணப்பத்தில் ஒட்டிக் கொடுத்தேன். அவர் திடுக்கிட்டு நிமிர்வார், நான் எகிறலாம் என்று வசனமெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

அளவுகோல் தாளை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அவருடைய கண் கலங்கியது.

"சார்! இந்த ஆபீஸ்ல இப்படி ஒரு படத்தை நான் பார்த்ததே இல்ல. காது ரெண்டும் வச்ச மாதிரி இருக்கு சார்!"

வைத்ததுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என் சுற்றறிக்கை முட்டாள்தனம் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். தவிர, அன்றைக்குக் கடைசித் தேதி. வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோது, மீசைப் பக்கம் கொஞ்சம் சாடை இருக்கிற மாதிரியும் பட்டது.

நேர்முகத்தன்று புது அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். வாசல் காவலர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், இது நீங்க இல்லையே."

"என்னைத் தெரியாதாய்யா உனக்கு?"

"உங்களை நல்லாத் தெரியும் சார். அதனாலதான் இது நீங்க இல்லைன்னு சொல்றேன். அட்டையில இருக்கிறவரைத்தான் உள்ள விடணும்னு உத்தரவு. அவர் எங்க இருக்கார்?"

"வீட்டுல. அலமாரியில."

"போய்க் கூட்டிட்டு வாங்க. நீங்க வேணும்னா உடன் வந்தவர்னு உள்ள போய்க்கலாம்."

மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடினேன்.

"எதை மறந்துட்டுப் போனீங்க?" என்றாள் மனைவி.

"என்னைத்தான்" என்று சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்தேன்.

காவலர் ஸ்டேஷன் மாஸ்டருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். எனக்கு 'உடன் வந்தவர்' என்று எழுதிய வில்லையைக் கொடுத்தார்.

நேர்முக அறையில் இயக்குநர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எந்தக் காலத்திலும் தூக்கியதில்லை. ஸ்டேஷன் மாஸ்டரை மேசைமேல் நிறுத்திவிட்டுப் பின்னால் நின்றேன். மூலையில் இடமும் வலமும் திரும்பும் மேசை விசிறி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"மேலிடத்து ஆலோசனைகளை ஏற்று நடப்பீர்களா?" என்று இயக்குநர் கோப்பைப் பார்த்தே கேட்டார். விசிறி எங்கள் பக்கம் திரும்பியது. ஸ்டேஷன் மாஸ்டர் பலமாகத் தலையாட்டினார். இயக்குநர் ஓரக்கண்ணால் அதைக் கவனித்தார்.

"மேலிடத்தை எதிர்த்து எப்போதாவது பேசியதுண்டா?"

விசிறி ஜன்னல் பக்கம் போய்விட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் அசையவில்லை.

"அபாரம்!" என்றார் இயக்குநர்.

"ஐயா, ஒரு நிமிஷம், விண்ணப்பிச்சது நான்…" என்று தொடங்கினேன்.

"உடன் வந்தவர் பேசக் கூடாது" என்றார் இயக்குநர். அன்று மாலையே நியமன ஆணை வந்துவிட்டது. சுழலும் நாற்காலியை என் பழைய மேசைக்கே கொண்டுவந்து, அதில் தலையணை போட்டு, அதன்மேல் விதிப்புத்தகங்களை அடுக்கி, அன்னாரை அமர்த்தினார்கள். அவரைப் பராமரிக்கத் தெரிந்தவன் என்ற முறையில் என்னை அவருக்குப் பின்னால் நிறுத்தினார்கள். பெயின்ட் பிரஷ் என் கையில் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சொன்னால் பொறாமை என்பீர்கள். வந்தவர் விண்ணப்பத்தை மேசையில் வைப்பார். விசிறி திரும்பும். அதிகாரி தலையாட்டுவார். அளவுகோல் முத்திரை குத்துவார். மின்சாரம் போனால் 'பரிசீலனையில் உள்ளது' என்று பொருள். ஜனங்கள் பொறுமையாகக் காத்திருப்பார்கள். காதைக் காரணம் காட்டி ஒருவரும் திரும்பிப் போகவில்லை. வாசல் வரை நீண்டிருந்த வரிசை சுருங்கி மேசைக்கு அருகில் வந்துவிட்டது. இந்தப் புகழைப் பார்த்து மற்ற அதிகாரிகளும் நாற்காலிக்குப் பின்னால் வெள்ளைச் சார்ட் பேப்பர் ஒட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் விளக்கு வைத்துக்கொண்டு, கண் சிமிட்டாமல் உட்காரத் தொடங்கினார்கள். நிழல் விழும் அதிகாரியை இப்போதெல்லாம் யாரும் மதிப்பதில்லை.

ஒரு நாள் வரிசையில் என் மனைவி வந்து நின்றாள். கையில் அதே படம். நான் திருப்பி அனுப்பிய, சிரித்த படம். மேசையில் வைத்தாள். விசிறி திரும்பியது. ஸ்டேஷன் மாஸ்டர் தலையாட்டினார். முத்திரை விழுந்தது.

"ரொம்ப நன்றிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. எனக்கு வர வேண்டியது, உள்ளங்கை உயரப் பிளாஸ்டிக் ஆசாமிக்குப் போய்விட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட வயிற்றெரிச்சலாக இருந்தது. பதவி போனபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. பாய்ந்து போய் விசிறியை நிறுத்தினேன்.

தலை ஆடி ஆடி நின்றது. வரிசை முழுக்க முணுமுணுத்தது.

"யாருப்பா அது, ஐயா வேலை பார்க்கும்போது ஃபேனை நிறுத்துறது?"

"ஐயாவாவது மண்ணாவது! நல்லாப் பாருங்க, இது பொம்மை! வெறும் பொம்மை!" என்று கத்தினேன்.

வரிசையில் முதலில் நின்றவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தெரியும்ங்க. முன்னாடி இந்த மேசையில இருந்ததும் பொம்மைதானே? அது தலைகூட ஆட்டாது. இது பரவாயில்ல. அந்த ஃபேனைப் போடுங்க."

முன்னால் இருந்தது நான். அது அவருக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கத்தை இந்த அலுவலகத்தில் நான்தானே ஒழித்தேன்?

விசிறியைப் போட்டேன். ஸ்டேஷன் மாஸ்டர் தலையாட்டினார். திருப்தியோடு முதலில் நின்றவர் தலையாட்டினார். முத்திரையும் கையுமாக அளவுகோல் தலையாட்டினார். வரிசை முழுக்கத் தலையாட்டியது. வரிசையின் கடைசியில் நீங்களும் நின்றிருந்தீர்கள், நான் பார்த்தேன், நீங்களும் ஆட்டினீர்கள். பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நானும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஆட்டாமல் நின்றவள் என் மனைவி ஒருத்திதான். என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லாப் பல்லும் தெரிந்தது.