தொண்ணூற்று நான்கில் நின்ற ஊசி

மகள் டாம்சினின் கல்யாணத்தன்று அவளைத் தன் காரில், தானே ஓட்டிக்கொண்டு போய், சர்ச் வாசலில் இறக்கிவிடுவது என்று மெர்வின் பெங்கெல்லி தீர்மானம் செய்தார். தீர்மானம் செய்தது மூன்று வருடத்துக்கு முன்னால், அந்தக் காரை வாங்கிய அன்று. அப்போது டாம்சினுக்கு மாப்பிள்ளை என்று யாரும் கிடையாது. மெர்வின் அதைப் பெரிய குறையாக நினைக்கவில்லை. கார் கிடைத்துவிட்டது. மாப்பிள்ளை கிடைப்பதா கஷ்டம்?

இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம். ஏறி உட்கார்ந்தால் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டோமோ என்று சந்தேகம் வரும், அவ்வளவு தாழ்வு. ஓடினால் அதற்கு இணை கிடையாது. நின்றால்தான் கவலை.

ஓடும்போது எதிர்காற்று ரேடியேட்டரில் அடித்துக்கொண்டே இருக்கும். எஞ்சினைச் சுற்றிவரும் கூலன்ட் எண்பத்தெட்டு டிகிரியில் சமர்த்தாக இருக்கும். சிக்னலிலோ ரயில்வே கேட்டிலோ எஞ்சின் ஓடியபடி நின்றுவிட்டால் காற்று இல்லை. சூடு காட்டும் ஊசி எழும்பும். தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, நூறு. நூற்று மூன்றைத் தொட்டதும் முன்னால் இருக்கிற ஃபேன் தானாகச் சுழன்று அதை இறக்கும். இறங்கியதும் நின்றுகொள்ளும். பிறகு மறுபடி ஏறும். இது கோளாறே இல்லை, கூலன்ட் அழுத்தத்தில் இருப்பதால் நூற்றிருபதைத் தாண்டினால்தான் கொதிக்கும் என்று மெக்கானிக் இரண்டு தடவை சொன்னார். மெர்வின் இரண்டு தடவையும் தலையாட்டினார். தண்ணீர் நூறில் கொதிக்கும் என்று அவர் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார். ஒரு மெக்கானிக் சொன்னார் என்பதற்காகப் படிப்பை மாற்றிக்கொள்ள முடியாது.

தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரியில் ஜனவரி நடுக்கோடை. நாற்பத்து மூன்று டிகிரி அடித்தால் யாரும் அதைப் பற்றிப் பேசக்கூட மாட்டார்கள். ஆகவே மெர்வின் ஒரு சட்டம் போட்டார். இந்தக் காரில் ஏசி போடக் கூடாது. ஏசி என்பது எஞ்சினின் தலையில் வைக்கும் மூட்டை. வெயிலில் நிற்கிறவன் தலையில் யாராவது மூட்டையை வைப்பார்களா?

சட்டத்தைச் சுமந்தது அவர் மனைவி நெரிடா. ஊர் ஆஸ்பத்திரியில் முப்பது வருட நர்ஸ். மூன்று கோடையும் அவள் ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனம்தான் மெர்வினைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

மெர்வினிடம் ஒரு நோட்டு இருந்தது. தேதி, நேரம், வெளிச்சூடு, ஊசி நின்ற இடம் எல்லாம் அதில் ஏறும். கோதுமைக் கிடங்கின் எடைமேடையில் இருபத்தாறு வருடமாக லாரிகளை நிறுத்துப் போடுகிறவர் அவர். எண் என்று வந்துவிட்டால் அவர் கைக்குப் பொய் எழுதத் தெரியாது.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, கல்யாணத்தன்று நாற்பத்து நான்கு டிகிரி என்று வானிலைச் செய்தி சொன்னது. நெரிடா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"ஏசி இல்லாம அவள எப்படிக் கூட்டிட்டுப் போவ?"

"கண்ணாடிய இறக்கிக்கலாம்."

"வெளிய நாப்பத்தி நாலு. கண்ணாடிய இறக்கினா அதுதான உள்ள வரும்?"

"பத்து நிமிஷம் நெரிடா."

"நடக்கற வேகத்துல, பின்னாடி எல்லா வண்டியும் ஹாரன் அடிச்சிட்டு வர, எல்லன் தெரு முழுக்க. நீதான சொன்ன?"

"ஏசி போட்டா சர்ச் வாசல்ல கொதிச்சுப்போய் நிக்கும். பரவால்லயா?"

"இப்படிப் போனா பொண்ணு கொதிச்சுப்போய் நிப்பா. அது பரவால்லயா?"

மெர்வின் மூட்டை விஷயத்தை மறுபடி விளக்கினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். பிறகு, சொல்லிக்கொண்டே இருப்பதைவிடச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றாள். வாசலில் காரை நிறுத்தி ஏசி இல்லாமல் அரை மணி, ஏசியோடு அரை மணி. ஏசியோடு ஊசி அதிகம் ஏறினால் அவர் சொன்னதுதான் சட்டம். கண்ணாடியை இறக்கிவிட்டு அவரே மகளை ஓட்டிக்கொண்டு போகட்டும்.

"ஏறலன்னா?"

"நான் ஓட்டுவேன்."

மெர்வினுக்குச் சிரிப்பு வந்தது. வாங்கிய நாள் முதல் அந்தக் காரின் ஸ்டீயரிங்கை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. ஓட்டுவது பெரிய விஷயமில்லை, அந்த ஊசியைப் படிக்க ஆள் வேண்டும் என்பார். சரி என்றார். எந்தெந்த நேரத்தில் வைப்பது என்பதைத் தன்னிடம் விட்டுவிடும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். அவள் அதற்கும் சரி என்றாள். ஆனால் அளவெடுத்து எழுதுவது தான்தான் என்றாள்.

நேரத்தை மெர்வின் கேட்டு வாங்கியதில் காரணம் இருந்தது. ஏசி இல்லாத சோதனையைக் காலை ஆறரைக்கு வைத்தார். வெளியே இருபத்தாறு டிகிரி, கடலிலிருந்து காற்று. ஏசியோடு உள்ளதை மத்தியானம் மூன்று மணிக்கு வைத்தார். அப்போது நாற்பத்து மூன்று, ஈரமே இல்லாத காற்று. போதாததற்குக் காரை மேற்கு வேலியோரம் கொண்டுபோய் நிறுத்தினார். தகரவேலி அந்த நேரத்தில் ரொட்டி சுடலாம் என்கிற அளவுக்குத் தகிக்கும். எடைமேடையில் ஒரு கிலோ கூட்டிப் போடாத மனிதர் செய்கிற காரியம் இல்லை. அது அவருக்கும் தெரிந்தது. ஆனால் மகள் ஒருத்திதான். கல்யாணமும் ஒரு தடவைதான்.

நெரிடா ஆஸ்பத்திரியில் நோயாளியின் காய்ச்சலைக் குறிக்கிற கட்டம் போட்ட தாளை எடுத்துவந்திருந்தாள். மேலே 'பெயர்' என்ற இடத்தில் 'கார்' என்று எழுதினாள். 'வயது' என்ற இடத்தில் 'பதினொன்று'. இரண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்தாள்.

காலைச் சோதனையில் ஊசி மெல்ல ஏறிப் பத்தொன்பதாவது நிமிடத்தில் நூற்று மூன்றைத் தொட்டது. ஃபேன் சுழன்றது, தொண்ணூற்றைந்துக்கு இறங்கியது, மறுபடி ஏறத் தொடங்கியது. இந்தக் குளிர்ச்சியிலேயே இப்படி என்றால் மத்தியானம் ஏசியோடு என்ன ஆகும் என்று நினைத்து மெர்வின் ஒரு வாளித் தண்ணீரைத் தயாராக வைத்தார்.

மத்தியானம் நெரிடா ஏசியை முழுசாகத் திருப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மெர்வின் வெளியே வாளியோடு நின்றார். பத்து நிமிடம் ஆனது. இருபது ஆனது. கண்ணாடியைத் தட்டினார். எவ்வளவு என்று சைகையில் கேட்டார். அவள் தாளைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள். அளவுகோல் வைத்து இழுத்ததுபோல ஒரு கோடு. தொண்ணூற்று நான்கு.

அரை மணி முடிந்ததும் அவள் அவரைக் காரின் முன்பக்கம் கூட்டிப்போனாள். ஃபேன் சுழன்றுகொண்டே இருந்தது.

"ஏசி போட்டா அது நூத்தி மூணு வரைக்கும் காத்திருக்காது மெர்வ். நிறுத்தாம ஓடும். நீதான் மூணு வருஷமா அதுக்கு வேல குடுக்காம வெச்சிருந்த."

"ஏதோ இன்னிக்கு அப்படி அமைஞ்சிருக்கு."

"உன் நோட்ட எடுத்துட்டு வா."

கொண்டுவந்தார். அதில் சில எண்களைச் சிவப்புப் பென்சிலால் அவரே வட்டமிட்டிருந்தார். கார் நின்றபடி ஓடியும் ஊசி ஏறாமல் இருந்த நல்ல நாட்கள். ஏசித் தடைக்கு அத்தாட்சி என்று அடிக்கடி பிரித்துப் பார்த்து மகிழ்கிற பக்கங்கள். நெரிடா ஒவ்வொன்றாக விரல் வைத்தாள். எல்லாம் சனிக்கிழமை. எல்லாம் பதினோரு மணி. மெர்வின் இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டி வாங்கப் பேக்கரி வரிசையில் நிற்கிற நேரம். சூடான எஞ்சினை அணைத்தால் உள்ளே சூடு தேங்கிவிடும் என்று, எஞ்சினை ஓடவிட்டு, மனைவியைக் காவல் வைத்துவிட்டுப் போவார்.

"பேக்கரி வாசல்ல வண்டில யாரு இருந்தா?"

"நீ."

"நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்னு நெனச்ச?"

"ஊசியப் பாத்துட்டு இருந்த."

"பாத்துட்டுதான் இருந்தேன். ஏசியப் போட்டுட்டு. நீ பேஸ்டியோட கடைக் கதவத் தொறக்கறப்ப அணைச்சிருவேன்."

மெர்வின் நோட்டை மூடினார். அந்த நாட்களில் காருக்குள் ஏறும்போதெல்லாம் இதமாக இருந்ததும், அது பேக்கரியின் அனலிலிருந்து வந்ததால் இருக்கும் என்று தானே முடிவுகட்டியதும் ஞாபகம் வந்தன.

"மூணு வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வண்டில உக்காந்துட்டு என்னைய வரிசைல நிக்க விட்டிருப்ப."

அப்படித்தான் செய்திருப்பார்.

கடைசி முயற்சியாக அன்று மாலையே அடிலெய்டுக்கு மகளிடம் போன் செய்தார். சோதனையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், கல்யாணத்தன்று யார் ஓட்டினால் அவளுக்குப் பிடிக்கும் என்று பொதுவாகக் கேட்டார். அம்மா ஏற்கெனவே பேசிவிட்டாள் என்று டாம்சின் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்பா, நீ ஓட்டினா வழி பூரா அந்த ஊசியத்தான் பாத்துட்டு வருவ. நான் பக்கத்துல இருக்கறதே உனக்குத் தெரியாது."

பொய் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். சரிம்மா என்றார்.

கல்யாணத்தன்று நாற்பத்து நான்கு என்று சொன்னவர்கள் ஒரு டிகிரி குறைத்துச் சொல்லியிருந்தார்கள். வடக்கே மேகம் கட்டி, காற்றில் ஈரம் ஏறி, நின்ற இடத்தில் சட்டை ஒட்டியது. பச்சைக் கார் முன்னால் போனது. ஸ்டீயரிங்கில் நெரிடா, பக்கத்தில் பட்டும் வலையுமாக டாம்சின். கண்ணாடிகள் ஏறியிருந்தன. அதற்கு நேர் பின்னால் நெரிடாவின் தம்பி டிக்பியின் பண்ணை வண்டி. அதில் ஏசியே கிடையாது. கம்பளி சூட்டும் கழுத்து டையும் தொப்பியுமாக மெர்வின் அவன் பக்கத்தில் இருந்தார்.

"தொப்பியக் கழட்டிக்க மச்சான்," என்றான் டிக்பி. "ஆவியாவது வெளிய போகட்டும்."

எல்லன் தெருவில் ஜனங்கள் கையசைத்தார்கள். யாரும் அவருக்கு அசைக்கவில்லை. தன் காரைப் பின்னாலிருந்து பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. அழகாகத்தான் இருந்தது.

சர்ச்சுக்கு முன்னாலுள்ள ரயில்வே கேட் மூடியிருந்தது. கோதுமை ஏற்றிய சரக்கு ரயில். எத்தனை பெட்டி என்று மெர்வினுக்குத் தெரியும். குறைந்தது ஏழு நிமிடம். வண்டிகள் எல்லாம் எஞ்சின் ஓடியபடி நின்றன. தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று நான்கு என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் பார்த்தார். பச்சைக் காரின் அடியில் தண்ணீர் சொட்டியது. முதலில் ஒரு சொட்டு. பிறகு விடாமல். தார் ரோட்டில் ஓர் ஈரக்கோடு வழிந்து அவரை நோக்கி வந்தது.

கொதித்துவிட்டது. சொன்னேனே, சொன்னேனே என்று ஒரு மனம் துள்ளியது. உள்ளே மகள் இருக்கிறாளே என்று மறுமனம் பதறியது. மெர்வின் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். ஊர் முழுக்கப் பார்க்க, கொதிக்கிற தாரில் முழங்கால் போட்டு, காரின் அடியில் கையை நீட்டினார். விரலில் விழுந்தது சுடவில்லை. நிறமும் இல்லை. கூலன்ட் என்றால் இனிக்கும் என்று யாரோ சொல்லியிருந்ததால் லேசாக நாக்கில் வைத்துப் பார்த்தார். இனிக்கவில்லை. ஜில்லென்று இருந்தது. குளிர்ந்த காரின் வயிற்றிலிருந்து சொட்டுகிற வெறும் தண்ணீர். மூன்று வருடமாக ஏசியே போடாத மனிதர் அதை எங்கே பார்த்திருப்பார்?

தலைக்கு மேல் கண்ணாடி இரண்டு விரற்கடை இறங்கியது. குளிர்காற்று அவர் நெற்றியில் பட்டது. அந்தக் கோடையில் அவருக்குக் கிடைத்த முதல் குளிர்காற்று.

"அது ஏசித் தண்ணி மெர்வ்," என்றாள் நெரிடா. "எழுந்திரு. கண்ணாடிய ஏத்தணும், உன் சூடு உள்ள வருது."