புறாவுக்குப் பதில் விசைப்படகு

சிரிப்பு வரும். கட்டாயம் வரும். ஆனால் இப்போது இல்லை. இப்போது காசிமேட்டு தாமஸ், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கையில் இஸ்திரிப் பெட்டியோடு கண்கலங்கி நிற்கிறார். மனுஷன் அழும்போது சிரித்தால் நன்றாகவா இருக்கும்? பொறுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் எல்சியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். அதற்காக அவர் மனைவி சிலுவையம்மாள் மாசக்கணக்கில் கொக்கி ஊசியும் வெள்ளை உல்லன் நூலுமாக உட்கார்ந்து ஒரு சால்வை பின்னினார். நடுவில் ஒரு படம் வரவேண்டும். சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரிப் படம். என்ன படம் என்பதில்தான் சண்டை.

"புறா," என்றார் சிலுவையம்மாள்.

"என் போட்டு," என்றார் தாமஸ்.

"இன்னாது? கோயிலுக்குப் போற கொயந்தைக்கு விசைப்படகா? அப்பால இன்னா, ஐஸ் பெட்டியா?"

"அந்த போட்டுலதாம்மே இந்தக் குடும்பமே மெதந்துகினு கீது!"

"எங்க மெதக்குது? டீசல் போட்டே முழுகிகினு கீது. புறாதான். அதுவும் நேரா சால்வை மேல பொட்டிய வெக்கக் கூடாது. காட்டன் துணியில ஒட்டி, அத்த வெட்டித் தைக்கணும். இந்த நூலு பிளாஸ்டிக் மாதிரி, சூடு பட்டா போச்சு."

சூடு பட்டால் போச்சாம்! தாமஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. பொழுதெல்லாம் வலை பின்னுகிற கை அது. நைலான் கயிற்றை வெட்டினால் முனையை லைட்டரில் காட்டுவார். உருகி இறுகிவிடும், பிறகு சாகிறவரை பிரியாது. 'நெருப்பு காட்டாத முனை ஒரு முனையா? எனக்கே நூலப் பத்தி கிளாஸ் எடுக்கறா!'

வியாழக்கிழமை சிலுவையம்மாள் லேஸ் வாங்க யானைக்கவுனி போனார். சால்வை கட்டில்மேல் கிடந்தது. கல்மண்டபத்துக் கடையில் அச்சுப் போட்டு வாங்கிவந்த படகுப் படம் தாமஸின் சட்டைப் பையில் இருந்தது. வைத்தார். அழுத்தினார். பிடி ஏறட்டும் என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

நாற்றம் வந்தது. எண்ணூர்த் தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்று திரும்பிவிட்டது போல என்று நினைத்தார். பெட்டியைத் தூக்கினார். சால்வையும் கூடவே எழுந்து வந்தது. பிய்த்துப் பார்த்தால் அரைப் படகு சால்வையில், அரைப் படகு பெட்டியில். நடுவில் பொரித்த அப்பளம் போல ஒரு வட்டம். விரலால் தட்டினார். டொக் என்றது.

இன்னும் சிரிக்காதீர்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கண்ணி எண்ணிய மனைவியின் முகம் அவருக்கு ஞாபகம் வந்தது. சால்வையைச் சுருட்டிக்கொண்டுபோய்ப் படகில் ஒளித்துவிட்டு வந்து, தண்ணி லாரியிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார். மீனை ஆய்ந்தார்.

"இன்னாய்யா, சங்கராவ நீ ஆய்ற? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"சும்மாதாம்மே."

சால்வை எங்கே என்று சிலுவையம்மாள் கேட்கவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கேட்காததுதான் முள்ளாகக் குத்தியது. சனிக்கிழமை சாயந்திரம் உடைந்தே போனார்.

"சிலுவ… சால்வைய நான்தான்… பொட்டிய வெச்சிக் கருக்கிட்டேன். என் கைய ஒடி. நாளைக்குக் கொயந்தைய எத்துல சுத்திகினு போவ?"

சிலுவையம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அழுவாதம்மே! மீன் ஆய்றது, தண்ணி எடுக்கறது, ஆயுசுக்கும் என் வேலை!"

"மாதா மேல சத்தியமா?" முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சத்தியமா!"

தோள் இன்னும் பலமாகக் குலுங்கியது.

மறுநாள் ராயபுரத்துக் கோயில் வாசலில் எல்சி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். கைக்குழந்தைமேல் பால் வெள்ளையில் ஒரு சால்வை. நடுவில் காட்டன் துணியில் ஒட்டி, வெட்டி, ஓரம் தைத்த புறா. தாமஸ் புறாவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் பரம பக்தியாகக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மே… அப்ப நான் கருக்குனது?"

"போன வாரம் உன் சட்டைய தோய்க்கப் போட்டப்ப போட்டுப் படம் உளுந்துச்சு. திருப்பி உன் பையிலயே வெச்சிட்டேன். மிச்ச நூல்ல அவசரமா ஒண்ணு பின்னி கட்டில்ல போட்டேன். ஓரமெல்லாம் ஒரே கோணல், நீ எங்க பாத்த? அது உனக்குன்னே பின்னுனதுய்யா."