உஷ் பாயும் ஊளையிட்ட குழாயும்

கடலூர் முதுநகரில் உஷ் பாயைப் போல மனிதர்களுக்கு எரிச்சல் மூட்டிய மெக்கானிக் இன்னொருவர் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் ஊரே மூட்டை கட்டியிருக்கும். துறைமுகத்து ஐஸ் பாக்டரி இரைச்சலில் பல வருஷம் நின்று இரண்டு காதையும் தொலைத்தவர். ஆனாலும் எந்த மிஷின் சத்தம் போட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். திருப்புளியின் முனையை மிஷினில் வைத்து, மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொள்வார். அவருக்குப் பல்தான் காது.

அறுபதுகளின் நடுவில், மலாயாவிலிருந்து திரும்பிய என் மாமனார், கொல்லையில் பெரிய ஏ.சி. மிஷினை வைத்து எல்லா அறைக்கும் தகரக் குழாய் ஓடவிட்டார். யோசனை சொன்னவன் நான். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் மைத்துனியைப் பெண் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து வந்தார்களே, அன்றைக்குப் பார்த்து ஹாலில் குழாய் ஊளையிட்டது. மாப்பிள்ளையின் உம்மா சர்பத்தைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

"இந்த வீட்ல என்னமோ இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்கு வருவோம். அப்பவும் இந்தச் சத்தம் கேட்டா சம்பந்தம் வேணாம்."

மாமா என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லித்தான வச்சேன் மாப்ள? நீங்களே பாருங்க."

செவ்வாய்க்கிழமை உஷ் பாய் வந்தார். வாசலிலேயே விரலை உதட்டில் வைத்து, "உஷ். யாரும் பேசப்படாது" என்றார்.

"உங்களுக்குத்தான் கேக்காதே பாய், நாங்க பேசினா என்ன?" என்று வாயசைத்துக் காட்டினேன்.

"காது கேக்காது மாப்ள. பல்லு கேக்கும்."

சுவர்க்கடிகாரம் நிறுத்தப்பட்டது. கோழிகள் பக்கத்து வீட்டுக்குப் போயின. சட்னி அரைக்கும் அம்மி ஓய்ந்ததில் மூன்று நாள் சர்க்கரை தொட்டுக்கொண்டு இட்லி தின்றோம். என் மாமியார் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாலே வீட்டில் எல்லாரும் பயந்துவிடுவோம். அவரும் கைச்சாடைக்கு வந்தார். தண்ணீர் கேட்டால் உப்பு வந்தது. மாமா ஒரு தும்மல் போட்டார்; குழாயில் திருப்புளியோடு நின்றவர் உடனே பல்லை எடுத்தார்.

"மொதலாளி, தும்மல வெளியில போய்ப் போடுங்க. இனிமே மொதல்லேருந்து கேக்கணும்."

அந்தத் திருப்புளியைப் பிடுங்கிக் கடலில் எறிந்தால் என்ன என்று வந்தது எனக்கு.

வியாழன் சாயங்காலம் பெண்கள் அறையைக் காலி செய்யச் சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பத்து நிமிஷத்தில் ஊளை நின்றுவிட்டது. வெளியே வந்தவர் மாமாவிடம், "ஃபேன் பெல்ட் லூசு. சரி பண்ணிட்டேன்" என்றார்.

ஃபேன் பெல்ட் இருப்பது கொல்லையில். தவிர, அவர் மீசையில் இலவம்பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரமாக இழுத்துப்போய்க் கேட்டேன்.

"காத்து திரும்பிப் போற வாய்ல தலவாணி" என்றார் மெதுவாக. "ஒங்க மாமி வேலை. பொம்பளைங்க பேச்சு கொழா வழியா ஹாலுக்குக் கேட்டுடுமேன்னு, சம்பந்தி வந்த அன்னிக்கு அடைச்சவங்க எடுக்காம விட்டுட்டாங்க. மூச்சு முட்டுனா மிஷின் ஊளையிடாம என்ன பண்ணும்? மொதலாளிகிட்ட சொல்லாதீங்க. மானத்துக்குப் பயந்து பண்ணது, பாவம்."

"அப்ப நாளைக்கு அவுங்க பேச்சு கேக்குமே பாய்?"

"உஷ்" என்றவர், பெண்கள் அறைத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று குரலை உயர்த்தினார். "மிஷின் இப்பத்தான் கொணமாயிருக்கு. நாளைக்கு யாராச்சும் வாயத் தொறந்தா திரும்ப ஊளையிடும். அப்பறம் என்னைக் கேக்காதீங்க."

வெள்ளிக்கிழமை சம்பந்திகள் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா நெடுநேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிஷினும் மூச்சுவிடவில்லை, பெண்களும் மூச்சுவிடவில்லை. கடைசியில் சர்பத்தை எடுத்துக் குடித்தார்.

"ஜாஸ்திப் பேச்சில்லாத குடும்பம். இந்த மாதிரி அடக்கமான பொம்பளைங்கள நான் பாத்ததில்ல."

நிச்சயம் முடிந்தது. கார் தெருமுனை திரும்பியதும் பேச ஆரம்பித்த மாமி, இஷா தொழுகைக்குத்தான் நிறுத்தினார்.

இப்போது என் வீட்டு ஏ.சி. உறுமினால், எல்லாரையும் அடக்கிவிட்டுத் திருப்புளியைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். பல்தான் கூசுகிறது; ஒரு எழவும் புரிவதில்லை. அத்தனை எரிச்சல் மூட்டிய அந்த மனுஷன் இன்னொரு தரம் வந்து என்னை வாயை மூடச் சொல்ல மாட்டாரா என்றிருக்கிறது.