ஊருக்கு ஒரே கட்டு

"அத்தை, பட்டன்லேர்ந்து விரலை எடுங்க! நீங்க அமுக்க அமுக்க இங்க சர்வர் திணறுது!"

"எடுக்க மாட்டேன்! ஃபைனல்மா! நம்ம ஊர் டீம்மா!"

கால்பந்து இறுதியாட்டத்துக்கு டிக்கெட் விற்பனை தொடங்கியதுமே இணையதளம் படுத்துவிட்டது. அதை எழுப்பவேண்டிய இன்ஜினியர், மருமகள். போனில் கத்திக்கொண்டிருந்தவர், எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் பட்டனை அமுக்க உட்கார்ந்த மாமியார்.

டிக்கெட் மூன்று ஊர்க்காரர்களுக்கு; மைதானத்தில் ஊருக்கொரு கேலரி. அந்தந்த கேலரியின் இருக்கைக் கணக்கு அந்தந்த ஊர் சர்வரில் இருந்தது. ஆனால் வருகிற கோரிக்கை ஒவ்வொன்றும் மூன்று ஊர்க் கதவையும் தட்டிவிட்டுத்தான் திரும்பியது.

"தனித்தனியா அனுப்பினா இன்னைக்கு முடியாது சார். கோரிக்கைகளை ஆயிரம் ஆயிரமா கட்டி அனுப்பறேன்," என்றாள் மருமகள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜரிடம்.

கட்டினாள். ஒரே கட்டில் மூன்று ஊர்க்காரர்களும் கலந்து கிடந்ததால், கட்டே ஊர் ஊராக அலைந்தது.

"இன்னும் சுத்திக்கிட்டே இருக்கும்மா!" என்றார் மாமியார்.

மேனேஜர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஊர் வாரியா பிரிம்மா! அவங்கவங்க சர்வருக்கே நேரா அனுப்பு!"

பிரித்தாள். இப்போது ஆள் நிறையாத வேன் மாதிரி, ஆயிரம் சேரும்வரை கட்டுகள் கிளம்ப மறுத்தன. காத்திருந்தவர்கள் சலித்துப்போய்க் கழன்றுகொள்ள, கட்டு நிறையவே இல்லை.

"முதலாளி போன் பண்ணிட்டார்," என்றார் மேனேஜர். "இப்ப ஓடலேன்னா நாளையிலேர்ந்து நாம ரெண்டு பேரும் வீட்லதான்!"

மருமகள் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். ஆயிரம் என்ற கணக்கையே தூக்கிக் கடாசினாள். ஊருக்கு ஒரே கட்டு. காத்திருக்கிற அத்தனை பேரும் அதற்குள். பெயர் பெயராகப் பார்க்க நேரமேது? அந்தந்த ஊர் வரிசையில் முதல் ஆளின் பெயரை அந்தக் கட்டின் தலையில் ஒட்டி, தட்டிவிட்டாள்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் மூன்று கேலரியும் விற்றுத் தீர்ந்தன!

"பின்னிட்டேம்மா!" மேனேஜர் மேசையைக் குத்திக் குதித்தார். யாரோ விசிலடித்தார்கள். மருமகளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. போனை எடுத்தாள்.

"அத்தை! கிடைச்சுதா?"

"கிடைச்சுதும்மா... ஆனா நம்ம ஊர் கேலரி பூரா என் பேர்லயே வந்திருக்கே, நான் ஒருத்தியா எப்படிம்மா கத்தித் தீர்ப்பேன்?"